முதலில் காரை இரண்டு சென்டிமீட்டர் தூக்குங்கள்

வாசகர் கேள்வி:

என்னிடம் இருப்பது 2013 மாடல் டொயோட்டா 86. போன வருடம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் ஷாக் அப்சார்பரைத் தொடாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி வண்டியை 40 மி.மீ. இறக்கியிருக்கிறார். 17 அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டு 19 அங்குலம் போட்டிருக்கிறார். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒட்டுப்போட்ட ரோட்டில் ஓட்டினால் பல் ஆடுகிறது. "இந்த வண்டியில் இனி ஏற மாட்டேன்" என்று மனைவி சொல்லிவிட்டார். இன்னொன்று, வளைவில் கொஞ்சம் வேகமாகப் போகும்போது நடுவில் ஒரு சின்ன மேடு வந்தால் பின்பக்கம் குதித்து வெளியே தள்ளுகிறது. பயமாக இருக்கிறது. தடிமனான ஸ்டெபிலைசர் பார், பாலியூரித்தேன் புஷ், 32 கிளிக் வைத்த காயில்ஓவர் மூன்றையும் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். வருடத்துக்கு இரண்டு முறை டிராக்குக்கும் போகிறேன். சொகுசும் வேண்டும், ஹேண்ட்லிங்கும் வேண்டும் என்று கேட்பது பேராசையா? எதில் தொடங்குவது?

பதில்:

பேராசை இல்லை. நீங்கள் இரண்டு புகார்கள் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. பல் ஆடுவதும் வளைவில் பின்பக்கம் குதிப்பதும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. நண்பர் சொன்ன மூன்றையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். அவற்றில் இரண்டு உங்கள் வண்டியை இன்னும் மோசமாக்கும். மூன்றாவது காயில்ஓவர், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த, உயரத்தை மாற்றக்கூடிய ஜோடி; கிளிக் என்பது ஷாக்கின் இறுக்கத்தை மாற்றும் திருகின் ஒவ்வொரு படி. அது நல்லதா கெட்டதா என்பது எதை வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இந்த வார இறுதியில் ஒரு டார்ச்சும், ஒயரைக் கட்டும் பிளாஸ்டிக் டை நாலும் எடுத்துக்கொள்ளுங்கள். முன் சக்கரத்தை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பினால் ஷாக் கண்ணுக்குத் தெரியும். மேலே இருக்கும் ரப்பர் உறையைத் தூக்கிவிட்டு, பளபளப்பான தண்டைச் சுற்றி டையை இறுக்கமாக மாட்டி, ஷாக்கின் உடம்பைத் தொடும்வரை கீழே தள்ளிவிடுங்கள். நாலு ஷாக்கிலும் இதைச் செய்யுங்கள். பின்பக்கம் கை நுழையாவிட்டால் சக்கரத்தைக் கழற்றத்தான் வேண்டும். ஜாக்கி மட்டும் கொடுத்த வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். பிறகு மனைவி வெறுக்கும் அதே ரோட்டில் ஒரு சுற்று போய்விட்டு வந்து பாருங்கள்.

ஷாக் அமுங்கும்போது அதன் உடம்பு டையை மேலே தள்ளிக்கொண்டு போயிருக்கும். திரும்பி வரும்போது டை அங்கேயே நின்றுவிடும். தண்டின் உச்சியில் கை விரல் நீளத்துக்கு ஒரு நுரை ரப்பர் கட்டை இருக்கிறதே, அதுதான் பம்ப் ஸ்டாப். டை அந்தக் கட்டைக்குள் போய்ப் புதைந்திருக்கும் என்பது என் கணிப்பு. கட்டையே உதிர்ந்து மஞ்சள் தூளாக உறைக்குள் கிடந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அப்படி எத்தனையோ வண்டிகளில் பார்த்துவிட்டேன்.

அதாவது நீங்கள் ஸ்பிரிங்கின்மேல் ஓட்டிக்கொண்டிருக்கவில்லை. பம்ப் ஸ்டாப்பின்மேல் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது அந்த அடியை ஸ்பிரிங் அமுங்கி வாங்கிக்கொள்கிறது. எவ்வளவு வாங்கும் என்பது ஸ்பிரிங்கின் விறைப்பையும் அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தையும் பெருக்கி, அதில் பாதி. கவனியுங்கள், தூரத்தின் வர்க்கம். ஒரு பேச்சுக்கு, முன்பு கட்டையைத் தொடுவதற்குள் 60 மி.மீ. இடம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 40 இறக்கினால் மிச்சம் 20. இடம் மூன்றில் ஒன்றாகிவிட்டது. அதே அடியை அந்த 20-க்குள் வாங்கவேண்டும் என்றால் ஸ்பிரிங் ஒன்பது மடங்கு விறைப்பாக இருக்கவேண்டும். இறக்கும் ஸ்பிரிங் விற்பவர்கள் யாரும் ஒன்பது மடங்கு தருவதில்லை, தந்தால் நீங்கள் ஓட்டவும் முடியாது. கொஞ்சம்தான் கூட்டித் தருவார்கள். மீதி அடி நேராகக் கட்டையில் விழுகிறது, கட்டையிலிருந்து பாடிக்கு, பாடியிலிருந்து சீட்டுக்கு, சீட்டிலிருந்து உங்கள் பல்லுக்கு.

இனி வளைவுக்கு வாருங்கள். திரும்பும்போது பாரம் வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போகிறது, அந்தப் பக்கம் ஏற்கெனவே அமுங்கியிருக்கிறது. கட்டைக்கும் ஷாக்குக்கும் நடுவில் ஒரு நகத்தின் இடம்கூட மிச்சமில்லை. அந்த நிலையில் ஒரு சின்ன மேடு வருகிறது. பின் வெளிச்சக்கரம் கட்டையில் முட்டுகிறது. அந்த நொடியில் பின் சஸ்பென்ஷன் திடீரென்று பல மடங்கு விறைத்துப்போகிறது. பாரம் ஒரேயடியாக அந்த ஒரு டயரில் ஏறி, அடுத்த கணம் டயர் ரோட்டை விட்டுக் குதிக்கிறது. குதித்த டயருக்குப் பிடிப்பு ஏது? பின்பக்கம் வெளியே போகிறது. பழைய ஷாக் அந்த ஸ்பிரிங்கை அடக்க முடியாமல் இருப்பதால் ஒரு குதி இரண்டு குதியாகிறது.

சொகுசுக்கும் ஹேண்ட்லிங்குக்கும் சண்டை என்று பேசுகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை. டயர் ரோட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பவருக்கும் நல்லது, திரும்புவதற்கும் நல்லது. சண்டை வருவது ரொம்பத் தள்ளி, ரேஸ் வண்டியின் எல்லையில். நீங்கள் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை. 1962-இல் வந்த லோட்டஸ் எலான் மென்மையான ஸ்பிரிங், நீண்ட அசைவு, திறமையான ஷாக், இவற்றை வைத்துக்கொண்டுதான் ஹேண்ட்லிங்குக்குப் பேர் வாங்கியது.

நானும் இந்தத் தப்பைச் செய்தவன்தான். தொழில் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், என் முதல் வண்டியின் ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை அறுத்து எடுத்தேன். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும், அது தெரிந்துதான் அறுத்தேன். அறுபட்ட முனை கிண்ணத்தில் சரியாக உட்காராமல் ஒவ்வொரு பள்ளத்திலும் 'டொக்' என்று சத்தம் போட்டது. ஆறு மாதம் அதை 'ஸ்போர்ட்டியாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டு ஓட்டினேன். பிறகு ஒரு மழை நாளில் அகலமான வளைவு ஒன்றில் வண்டி என்னைக் கேட்காமல் லேன் மாறியது. அடுத்த வாரம் பழைய அளவு ஸ்பிரிங்கை வாங்கிப் போட்டேன். நடந்தது இவ்வளவுதான், ஆனால் இன்றைக்கும் யாராவது 'இறக்கியிருக்கிறேன்' என்றால் முதலில் என் கண் பம்ப் ஸ்டாப்புக்குத்தான் போகும்.

வண்டியின் அடியில் இருக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் வண்டிக்கு முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்த அமைப்பு. சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் உள்ளே பாடியில் மாட்டிய இடத்திலிருந்து வெளியே சக்கரத்தோடு சேரும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் வரை வருகிறது. வண்டி தன் நாலு சக்கரத்தில் நிற்கும்போது பால் ஜாயின்ட் உள்முனையைவிடக் கொஞ்சம் கீழே, அல்லது ஏறத்தாழ மட்டமாக இருப்பது நல்லது. அது மேலே ஏறி நின்றால் நீங்கள் அளவுக்கு மீறி இறக்கிவிட்டீர்கள். வளைவில் பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அதை ரோல் சென்டர் என்கிறோம். ஸ்ட்ரட் வண்டியை இறக்கும்போது பாடி இறங்குவதைவிட வேகமாக இந்தப் புள்ளி இறங்கும். புள்ளிக்கும் வண்டியின் பாரம் குவியும் இடத்துக்கும் உள்ள தூரம் கூடும், அந்தத் தூரம்தான் பாடியைச் சாய்க்கும் நெம்புகோல். வண்டியைத் தாழ்த்தியும் அது முன்பைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும். அதை மறைக்க இன்னும் விறைப்பான ஸ்பிரிங், இன்னும் தடிமனான பார் என்று செலவு நீளும். ஸ்டியரிங் ராடின் கோணமும் கெடுவதால் மேட்டில் ஏறும்போது சக்கரம் தானாகக் கொஞ்சம் திரும்பும். நேர் ரோட்டில் ஸ்டியரிங் கையில் துடிக்கிறது என்றால் அதுதான்.

ஆகவே எதை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், வண்டி இப்போதைய உயரத்திலிருந்து குறைந்தது 20 மி.மீ. மேலே வரவேண்டும். கம்பெனி உயரத்திலிருந்து 15, மிஞ்சினால் 20 குறைவு என்பதுதான் ரோட்டில் ஓட்டும் 86-க்கு நான் ஒத்துக்கொள்ளும் கடைசிக் கோடு. சக்கரத்துக்கு மேலே மட்கார்டு இடைவெளி கொஞ்சம் கூடும், போட்டோவில் அழகு குறையும். அதை நீங்களும் மனைவியும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து டயர். டயரும் ஒரு ஸ்பிரிங்தான், அதுவும் ரோட்டை முதலில் தொடும் ஸ்பிரிங். கம்பெனி கொடுத்தது 215/45 அளவு, 17 அங்குலம். அதன் பக்கச்சுவர் உயரம் ஏறக்குறைய 97 மி.மீ. உங்கள் 19 அங்குல ரிம்மில் 225/35 போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் பக்கச்சுவர் 79 மி.மீ. பதினெட்டு மில்லிமீட்டர் காற்று மெத்தையைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் அலாயை வைத்திருக்கிறீர்கள். பெரிய ரிம் பெரும்பாலும் கனமும்கூட. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் கனம் எதுவானாலும் ஷாக்குக்குத் தலைவலிதான். மேட்டில் எகிறிய கனமான சக்கரத்தைத் திரும்ப ரோட்டுக்குக் கொண்டுவர அதிக நேரம் பிடிக்கும், அந்த நேரம் முழுக்க டயரில் பிடிப்பு இல்லை. 17-க்குத் திரும்புங்கள், நல்ல பிடிப்புள்ள டயர் போடுங்கள். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள காற்றழுத்தத்தை, வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும்போது வையுங்கள். 'ஸ்போர்ட்ஸ் கார்தானே' என்று நாலைந்து பவுண்டு கூட்டி அடித்து அனுப்புகிறவர்கள் உண்டு. அதை மட்டும் சரிசெய்ததற்கே, வேறு எதையோ மாற்றிவிட்டேன் என்று நினைத்து எனக்கு நன்றி சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

ரப்பர் புஷ்களைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் உங்களிடம் சொல்லப்போவதில்லை. ஆர்ம்களின் முனையில் இருக்கும் புஷ்ஷில் வெளிக் குழாய், உள்குழாய் இரண்டுக்கும் நடுவில் ரப்பர் ஒட்ட வைக்கப்பட்டிருக்கும். போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் பாடியோடு பூட்டிக்கொள்ளும். அதன்பிறகு ஆர்ம் ஏறி இறங்கும்போதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பும், அது வழுக்குவதில்லை. இதனால் அந்தப் போல்ட்டை எந்த நிலையில் முறுக்குகிறோமோ அந்த நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டி லிஃப்டில் தொங்கும்போது, சக்கரம் கீழே விழுந்து கிடக்கும் நிலையில் முறுக்கிவிட்டால்? கீழே இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாகத் திருகியபடி நிற்கும். சீக்கிரம் கிழியும், அதுவரை ஒரு திருட்டு ஸ்பிரிங் மாதிரி ஒவ்வொரு அசைவையும் எதிர்த்துக்கொண்டிருக்கும். உங்கள் வண்டியை 40 மி.மீ. இறக்கியவர் இந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தியிருப்பாரா? சந்தேகம்தான். வண்டி நாலு சக்கரத்தில், தன் உயரத்தில் நிற்கும்போது எல்லா ஆர்ம் போல்ட்டுகளையும் தளர்த்தி, வண்டியை நாலு தடவை அமுக்கி விட்டு, கம்பெனி சொன்ன முறுக்கு அளவில் திரும்ப இறுக்கச் சொல்லுங்கள். உதிரிப்பாகம் ஒன்றும் வேண்டாம், ஒரு காலைப் பொழுது வேலை. கிழிந்த புஷ் இருந்தால் மட்டும் புது ரப்பர் புஷ் போடுங்கள். இத்தனை கிலோமீட்டருக்கு ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட்டையும் மாற்றிவிடுவது உசிதம்.

பாலியூரித்தேன் புஷ் என்பது ரப்பரின் வேலையை வேறு விதமாகச் செய்கிறது. அது முறுக்கிக்கொள்ளாது, உள்குழாயின்மேல் வழுக்கும். கிரீஸ் இருக்கும்வரை சரி. வறண்டுபோனால் பழைய கட்டில் மாதிரி கீச்சிடும், ஷாக் வேலை செய்யும் முன்பே உராய்வில் சஸ்பென்ஷன் பிடித்துக்கொள்ளும். ரோட்டின் பொடி நடுக்கத்தை ரப்பர் விழுங்கிவிடும், இது அப்படியே உள்ளே அனுப்பும். டிராக்குக்கு மட்டும் ஓடும் வண்டியில் நானே போட்டிருக்கிறேன். மனைவியை உட்கார வைக்கும் வண்டியில் போடமாட்டேன்.

ஸ்டெபிலைசர் பாருக்கும் இதே பதில்தான், ஒரு கணக்கோடு. கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நாலாம் அடுக்கில் கூடும். 18 மி.மீ. பாரை எடுத்துவிட்டு 20 போட்டால் கண்ணுக்கு 2 மி.மீ.தான், விறைப்போ பாதிக்கு மேல், அதாவது சுமார் 52 சதவீதம் ஏறிவிடும். பார் இரண்டு பக்கச் சக்கரங்களையும் ஒன்றோடொன்று கட்டிப்போடுகிறது. இரண்டும் ஒன்றாக ஏறினால் அது சும்மா இருக்கும். ஒரு பக்கம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால் மறுபக்கத்தையும் சேர்த்து இழுக்கும். ஒட்டுப்போட்ட ரோட்டில் தலை இடது வலதாக ஆடுகிறதே, பெரிய பார் போட்டால் அது இரட்டிப்பாகும். பின்பக்கம் ஏற்கெனவே பிடிப்பை விடும் வண்டியில் பின் பாரைத் தடிமனாக்குவது ஆபத்தும்கூட. மற்ற எல்லா வேலையும் முடிந்து மூன்று மாதம் ஓட்டிய பிறகும், வளைவில் மூக்கு அதிகம் சாய்கிறது என்று பட்டால் அப்போது எழுதுங்கள்.

இப்போது செலவு செய்யவேண்டிய இடம்: ஸ்பிரிங்கும் ஷாக்கும், இரண்டும் ஒரே ஆள் சேர்த்து வடிவமைத்த ஜோடியாக.

ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பு என்று கேட்காதீர்கள். வண்டி நொடிக்கு எத்தனை தடவை ஊசலாடும் என்று கேளுங்கள். சாதாரண குடும்பக் கார்கள் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். நல்ல ரோடு ஸ்போர்ட்ஸ் கார் 1.5-இலிருந்து 2 வரை. அதற்கு மேல் போகப்போக டிராக் உலகம். உங்கள் வண்டி ஓட்டுநரோடு சுமார் 1,300 கிலோ, முன்பக்கம் 53 சதவீதம். சக்கரம், பிரேக் கனத்தைக் கழித்தால் ஒரு முன் ஸ்பிரிங் தாங்குவது ஏறக்குறைய 300 கிலோ. ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் சக்கரத்தோடு கிட்டத்தட்ட ஒன்றாகவே நகர்வதால் கணக்கு சுலபம். ஒரு மில்லிமீட்டருக்கு 35 நியூட்டன் ஸ்பிரிங் போட்டால் 1.7 ஹெர்ட்ஸ். சந்தையில் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் 8 கிலோ ஸ்பிரிங், அதாவது மில்லிமீட்டருக்கு 78 நியூட்டன், போட்டால் 2.5-ஐத் தாண்டிவிடும். பல் மறுபடி ஆடும். பின்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது மேலும் கீழுமாக ஆர்ம்கள் சக்கரத்தைப் பிடித்திருக்கும் அமைப்பு. அங்கே ஸ்பிரிங் சக்கரத்திலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் சக்கரம் நகர்வதைவிடக் குறைவாகத்தான் அது அமுங்கும். அந்த விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கினால்தான் சக்கரத்தில் கிடைக்கும் விறைப்பு தெரியும். விகிதம் 0.75 என்று எடுத்தால் 60 நியூட்டன் ஸ்பிரிங் சக்கரத்தில் 34-ஆகத்தான் தெரியும், அது 1.8 ஹெர்ட்ஸுக்கு வரும். பின் ஸ்பிரிங்கின் எண் பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

பின்பக்கம் முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக ஊசலாடட்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேடு முதலில் முன் சக்கரத்துக்கு வருகிறது, பின் சக்கரத்துக்கு ஒரு கணம் தாமதமாக. பின்பக்கம் வேகமாக ஆடினால் தாமதமாகத் தொடங்கினாலும் முன்பக்கத்தை எட்டிப்பிடித்துவிடும். வண்டி முன்னும் பின்னும் தலையாட்டாமல் மட்டமாக ஏறி இறங்கும். மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் இதைக் கண்டு சொன்னார். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து வந்தவர் அவர். ஒரு காரின் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடைகளைத் தொங்கவிட்டு, ஆட்களை உட்காரவைத்து ஓட்டி, எது சொகுசு என்று அவர்களிடமே கேட்டுக் கேட்டுப் பார்த்தார். உங்கள் மனைவிக்கு வயிற்றைப் புரட்டுகிறது என்றால் அது பெரும்பாலும் இந்தத் தலையாட்டம்தான்.

ஷாக்குக்கு வருவோம். நாலு மூலையில் கையை வைத்து அமுக்கி, எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணும் பழைய சோதனை ஸ்போர்ட்ஸ் காருக்கு உதவாது. தண்டில் எண்ணெய் ஈரம் இருந்தால் ஷாக் போய்விட்டது, ஈரம் இல்லாவிட்டாலும் 90,000 கிலோமீட்டருக்கு அது தன் பாதி வயதைத் தாண்டிவிட்டது. காயில்ஓவர் வாங்குங்கள், கிளிக் எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். விலை குறைந்த ஒற்றைத் திருகு ஷாக்குகளில் அந்தத் திருகு பெரும்பாலும் திரும்பி நீளும் அசைவைத்தான் கட்டுப்படுத்தும். அதுவும் தண்டு மெதுவாக நகரும்போது மட்டும். 32 கிளிக்கில் கடைசி ஏழெட்டைத் தவிர மற்றதில் வித்தியாசமே தெரியாத பெட்டிகளைத் திறந்து பார்த்திருக்கிறேன்.

'மெதுவாக', 'வேகமாக' என்று ஷாக்கில் பேசுவது வண்டியின் வேகத்தை இல்லை. தண்டு உள்ளே போகும் வேகத்தை. வளைவில் பாடி சாய்வது, பிரேக்கில் மூக்கு குனிவது எல்லாம் தண்டுக்கு மெதுவான அசைவு. 20 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் கூர்மையான பள்ளத்தின் விளிம்பு தண்டுக்கு மிக வேகமான அசைவு. நல்ல ஷாக் முதலாவதை இறுக்கிப் பிடிக்கும், இரண்டாவதை விட்டுக்கொடுக்கும். பிஸ்டனின் துளைகளை மூடியிருக்கும் மெல்லிய எஃகு வட்டத் தகடுகள் அழுத்தம் கூடியதும் வளைந்து எண்ணெய்க்கு வழிவிடும், அந்தத் தகடுகளின் அடுக்கில்தான் தொழில் ரகசியம் இருக்கிறது. வாங்கும் முன் டைனோ வரைபடம் கேளுங்கள், தண்டின் வேகத்துக்கு ஏற்ப ஷாக் எவ்வளவு எதிர்க்கிறது என்று காட்டும் கோடு அது. மெதுவான பகுதியில் கோடு செங்குத்தாக ஏறி, பிறகு வளைந்து படுத்தால் அதுதான் உங்களுக்கு வேண்டியது. வரைபடம் இல்லை என்று சொல்லும் கடையிலிருந்து நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

மோனோட்யூபா, ட்வின் ட்யூபா என்று கேட்பீர்கள். ட்வின் ட்யூபில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய், மோனோட்யூபில் ஒரே குழாய். அதன் கோடியில் அதிக அழுத்தத்தில் நைட்ரஜன், எண்ணெயையும் வாயுவையும் பிரிக்க மிதக்கும் பிஸ்டன். எண்ணெய் நுரைக்காது, சூடு சீக்கிரம் வெளியேறும். டிராக்குக்குப் போகிறவர் என்பதால் உங்களுக்கு மோனோட்யூப் பக்கமே சாய்கிறேன். ஆனால் நன்றாகச் செய்த ட்வின் ட்யூப், மட்டமான மோனோட்யூபை ரோட்டில் தோற்கடிக்கும். இன்னொரு விஷயம்: உயரத்தை மாற்றும்போது ஸ்பிரிங்கை இறுக்கி மாற்றாமல், ஷாக்கின் அடிப்பகுதி தனியாகத் திரும்பி நீளம் மாறும் வகையைப் பாருங்கள். அப்போதுதான் வண்டியை இறக்கினாலும் ஷாக்கின் அசைவு இடம் குறையாது. இருந்தாலும் டயர் மட்கார்டில் முட்டக்கூடாது என்பதால் இதற்கும் எல்லை உண்டு. ஸ்பிரிங்கை இறுக்கினால் விறைப்பு கூடும் என்று நண்பர் சொன்னால் நம்பாதீர்கள். ஒரே சீரான ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் அடுத்த மில்லிமீட்டருக்கு அது கேட்பது அதே நியூட்டன்தான், வண்டி மட்டும் உயரும்.

மாட்டும் கடையில் இரண்டு விஷயத்தில் நீங்கள் பக்கத்தில் நிற்கவேண்டும். ஷாக்கின் மேல் நட்டைக் காற்றுத் துப்பாக்கியால் சுற்றி ஏற்றினால் தண்டும் சேர்ந்து சுற்றும், உள்ளே இருக்கும் சீல் முதல் நாளே அடிபடும். கையால், தண்டைப் பிடித்துக்கொண்டு, முறுக்குக் குறடால் இறுக்கவேண்டும். மற்றது, நான் மேலே சொன்ன புஷ் போல்ட்டுகள்: வண்டி தரையில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கு. பிரேக் ஹோசும் ஏபிஎஸ் ஒயரும் எங்கும் இழுபடாமல் இருக்கின்றனவா என்று ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள்.

அலைன்மென்ட் ஒரு வாரம் ஓட்டி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு. கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம் (மைனஸ் என்றால் மேல்பக்கம் உள்ளே), டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. முன்னால் கேம்பர் மைனஸ் 1 முதல் 1.5 டிகிரி, டோ பூஜ்யம். பின்னால் கேம்பர் மைனஸ் 1.5-க்குள், டோ மொத்தம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்நோக்கி. நேர் ரோட்டில் அமைதியாக இருக்கும், டயரையும் தின்னாது. முன் கேம்பருக்குக் கம்பெனி தந்த வசதி போதாது, கேம்பர் போல்ட் தேவைப்படும். ஹெட்லைட் மட்டத்தையும் அதே நாளில் சரிசெய்துவிடுங்கள், உயரம் மாறியதும் அது எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும்.

கிளிக் வைக்கும் முறை: திருகை முழுக்க இறுக்கி, அங்கிருந்து எண்ணிக்கொண்டே தளர்த்துங்கள், எண் எப்போதும் இறுக்கத்திலிருந்து எண்ணியதாக இருக்கட்டும். முழுத் தளர்விலிருந்து தொடங்கி, உங்களுக்குப் பழகிய ஒரே ரோட்டில், ஒரே வேகத்தில், இரண்டிரண்டு கிளிக்காகக் கூட்டுங்கள். ஒரு மேட்டைத் தாண்டியதும் பாடி ஒரு தடவை எழுந்து, அமர்ந்து, அத்தோடு நிற்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் கூட்டினால் 'இறுக்கமாக, ஸ்போர்ட்டியாக' ஒரு மயக்கம் வரும். உண்மையில் தண்டு திரும்பி நீளும் முன்பே அடுத்த மேடு வந்துவிடும், அடுத்தடுத்த மேடுகளில் வண்டி படிப்படியாக அமுங்கி மறுபடி அதே கட்டையில் போய் உட்காரும். இவ்வளவு செலவு செய்தும் பல் ஆடுகிறது என்று என்னிடம் வரும் வண்டிகளில் பாதிக்கு, திருகை ஆறு கிளிக் தளர்த்திவிட்டு அனுப்பியிருக்கிறேன்.

டிராக்குக்குப் போகும் நாளில் முன்னும் பின்னும் நாலு கிளிக் கூட்டுங்கள், வளைவில் வண்டி சரியாகத் திரும்பாமல் மூக்கை வெளியே தள்ளினால் முன்னால் இரண்டைக் குறையுங்கள். உயரத்தைத் தொடாதீர்கள், தொட்டால் அலைன்மென்ட் போய்விடும். ரோட்டு எண், டிராக் எண் இரண்டையும் ஒரு மாஸ்க்கிங் டேப்பில் எழுதி கிளவ் பாக்ஸ் மூடியின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். டிராக்கிலிருந்து கிளம்பும்போதே பழைய எண்ணுக்குத் திருப்பிவிடவேண்டும், வீட்டுக்கு வந்து செய்துகொள்ளலாம் என்று விட்டால் மறந்துபோய் மறுநாள் மனைவியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். அந்த நாலு டையையும் கழற்றிவிடாதீர்கள், புது ஷாக்கிலும் மாட்டி முதல் மாதம் வாரத்துக்கு ஒரு தடவை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.